கட்டாயமில்லாத பசுமைச் சான்று

செப்டம்பர் 9, திங்கள்

பெரிய கம்பெனியில் இன்று வெண்டர் மீட்டிங். கொள்முதல் பார்க்கும் துளசிராமன் சார் திரையில் பச்சை இலைப் படம் போட்டுப் பேசினார். எங்களைப் போன்ற சின்ன ஒர்க்‌ஷாப்காரர்கள் எல்லாரும் பசுமைச் சான்று வாங்கினால் நல்லதாம். “கட்டாயம் இல்லைங்க, முழுக்க உங்க விருப்பம்.” மூச்சுக்கு மூச்சு இதையே சொன்னார். டீ குடிக்கும்போது தனியாகப் போய்க் கேட்டேன், வாங்காவிட்டால் என்ன ஆகும் என்று.

“ஒண்ணும் ஆகாது மேடம். ஜனவரில ஆர்டர் போடறப்ப சான்று இருக்கறவங்களுக்கு முதல்ல போடுவோம். அவ்ளோதான்.”

அவ்வளவுதானாம்! எங்களுக்கு இருப்பதே அந்த ஒரு கம்பெனி. அவர்கள் எங்களிடம் லேத்தில் கடைந்த புஷ் வளையங்கள் வாங்குவதை நிறுத்தினால் கும்மிடிப்பூண்டியில் இன்னொரு ஷட்டர் இறங்கும், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

வீட்டுக்காரர் எட்வர்டிடம் சொன்னேன். பைபாஸ் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவர் வீட்டில் இருந்தபடியே தொழில் நடத்துகிறார். அதாவது நான் நடத்துகிறேன், அவர் கவலைப்படுகிறார். “வாங்கிடு ஜெனி” என்றார், கடையில் போய்க் கொத்தமல்லி வாங்குவது மாதிரி.

செப்டம்பர் 20, வெள்ளி

பழைய டியூப் லைட்டுகளைக் கழற்றியாகிவிட்டது. வாசலில் பூந்தொட்டிகள். கழிவு எண்ணெய்க்குத் தனி டிரம், அதற்கு ஒரு லேபிள். பெயின்ட் அடித்தது வரதன். எட்வர்டோடு சேர்ந்து இங்கே முதல் லேத்தை இறக்கியவர் அவர். ஃபோர்மேனும் அவரே, டிரைவரும் அவரே. குட்டியானை வண்டியில் சரக்கு ஏற்றிப் பெரிய கம்பெனியில் இறக்கி வருவதும் அவர்தான். என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவார். டிரம்மைக் காட்டி, “இன்னா அண்ணி, பொண்ணு பாக்க வராப்போல கீதே?” என்றார்.

முதுகு வலி. படுக்கிறேன்.

அக்டோபர் 10, வியாழன்

நாளை ஆயுத பூஜை. திங்கட்கிழமை சான்றுக்கான ஆடிட். எப்படிச் சேர்ந்து வந்திருக்கிறது பார்.

நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், ஆனால் ஒர்க்‌ஷாப்பில் பூஜை ஆட்களின் பாடு. பொரி, பூசணிக்காய்க்குக் காசு நாங்கள் கொடுப்போம், சுண்டல் கொடுத்தால் வாங்கிக்கொள்வோம். வருடம் முழுக்க லேத்தில் வழிந்த கூலன்ட் எண்ணெய் தரையில் ஊறிக் கிடக்கும். அதைத் தேய்த்துக் கழுவுவது வருடத்துக்கு ஒரு தடவை, இந்தப் பூஜைக்குத்தான்.

எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன். “இந்த வருசம் நல்லாக் கழுவுங்க. திங்கக்கிழமை பாக்க வர்றாங்க. தரையில மூஞ்சி தெரியணும்.”

அக்டோபர் 11, வெள்ளி

மூஞ்சி தெரிந்தது! டீசல் ஊற்றித் துடைத்து, சோப்புத்தூள் போட்டு, பைப்பால் அடித்துக் கழுவினார்கள். கறுப்புத் தண்ணீர் பின்வாசல் பக்கமாக ஓடியது. ஒரு மூலையில் தேங்கி நின்றதை நானே துடைப்பத்தால் தள்ளிவிட்டேன். லேத்துகளுக்குச் சந்தனம் குங்குமம், லேபிள் ஒட்டிய டிரம்முக்கும் சேர்த்து. சாம்பிராணிப் புகையில் கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தேன். எத்தனை நாளாயிற்று.

அக்டோபர் 14, திங்கள்

காலையிலிருந்து மழை. ஆடிட்டுக்கு வந்த பெண் ஸ்ரீவாணி, திருவள்ளூர்க்காரி, தன்மையான பெண். உள்ளே எல்லாம் பார்த்தாள், எல்லாவற்றுக்கும் டிக். பிறகு குடையை விரித்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

மழைநீர்க் கால்வாய் முழுக்க எண்ணெய். கலர் கலராக மிதந்து ஏரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. வருடம் பூராவும் தரையில் ஊற விடுகிறோம், ஒரே ஒரு நாள் சாமிக்காக எல்லாவற்றையும் தண்ணீரில் விட்டுவிடுகிறோம். எத்தனை வருடமாக இப்படி? யாருக்குமே தோன்றவில்லையே. எனக்கும்தான்.

“இது எங்கேருந்து வருது மேடம்?”

வரதன் முன்னால் வந்தார். “நான்தாம்மா கழுவி உட்டேன். பூஜைக்கு.”

ஆபீசில் உட்கார்ந்து அவள் மெதுவாகச் சொன்னாள். “நிர்வாகத் தவறுன்னு எழுதினா சான்று இப்போ கிடைக்காது மேடம், அடுத்த வருஷம்தான். தொழிலாளியோட கவனக்குறைவு, எச்சரிக்கை மெமோ கொடுத்தாச்சுன்னு காட்டினா இங்கேயே முடிச்சுடலாம். எல்லா இடத்துலயும் அப்படித்தான் பண்றாங்க.”

அவள் எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

மெமோவை நானே டைப் அடித்தேன். கழுவச் சொன்னது யார், துடைப்பத்தால் தள்ளியது யார் என்று அதில் இல்லை.

வரதன் படித்துக்கூடப் பார்க்கவில்லை. “குடு அண்ணி. பேப்பருதான? கையெழுத்து போட்டா கை தேஞ்சுடுமா?”

போட்டுவிட்டு லேத்துக்குப் போய்விட்டார். மழை விடவில்லை.

நவம்பர் 18, திங்கள்

சான்று வந்துவிட்டது. தங்க எழுத்து, பச்சை இலை, கண்ணாடிச் சட்டம். வரதனே சுவரில் துளை போட்டு மாட்டினார். எட்வர்ட் அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார். துளசிராமன் சார் போனில் வாழ்த்தினார், ஜனவரி ஆர்டர் பற்றிக் கவலை வேண்டாம் என்றார். இன்றாவது தூங்க வேண்டும்.

டிசம்பர் 5, வியாழன்

பெரிய கம்பெனி கேட்டில் வரதனை உள்ளே விடவில்லை.

சான்றோடு போன ரிப்போர்ட்டை அவர்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்களாம். சுற்றுச்சூழல் விஷயத்தில் எச்சரிக்கை வாங்கியவர்களுக்கு இனி உள்ளே அனுமதி கிடையாதாம். வேறு டிரைவரை வரவழைத்து வண்டியை உள்ளே விட்டிருக்கிறார்கள். இவர் ரோட்டில் நின்றிருக்கிறார்.

“பேரு போட்டா செவப்பு வருதாம் அண்ணி” என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற ஒர்க்‌ஷாப் லோடுகளையும் அதே கம்பெனிக்கு ஓட்டிக் கொடுத்துத்தான் குடும்பத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். அதுவும் போயிற்று.

டிசம்பர் 6, வெள்ளி

துளசிராமன் சார் போனை எடுக்கவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

எடுத்தார். “மெமோ குடுத்தது நீங்கதானே மேடம்? நாங்க என்ன பண்ண முடியும்?” நான் வாபஸ் வாங்கினால்? என்று கேட்டேன். “வாங்கலாம். ஆனா அப்போ தப்பு யாருதுன்னு கேள்வி வரும். சான்று நிக்காது. யோசிச்சுக்கங்க.”

யோசிக்கிறேன். வேறென்ன செய்கிறேன்?

டிசம்பர் 12, வியாழன்

வரதன் மனைவி திலகவதி வீட்டுக்கு வந்தாள். காபி கொடுத்தேன், தொடவில்லை.

“அண்ணி, இத்தினி வருசத்துல ஒரு ஆணி எட்த்துக்கினு வந்திருப்பாரா ஊட்டுக்கு? எல்லாரும் பாக்க கேட்டுல நிக்க வச்சு திருப்பி அனுப்பிட்டாங்கோ. புதுவாயல்ல டீ குடிக்கக்கூட போமாட்றாரு, யாராச்சும் கேப்பாங்கன்னு. அவரு இன்னாதான் தப்பு பண்ணாரு, நீயே சொல்லு.”

சொல்லத் தெரியாமல் இல்லை. சொல்லவில்லை. அவள் போன பிறகு ஆறிப்போன காபியை நானே குடித்தேன். சீ, என்ன மனுஷி நான்.

டிசம்பர் 22, ஞாயிறு

எட்வர்டோடு சண்டை. “ஆறு பேரு குடும்பம் இருக்கு ஜெனி. ஒருத்தனுக்காக ஆறு பேரயும் தெருவுல நிறுத்துவியா?” அவர் சொல்வதும் நியாயம்தான். “வரதனே எதுவும் கேக்கல. உனக்கு இன்னா?” என்றார்.

கேட்கவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் இந்நேரம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

டிசம்பர் 24, செவ்வாய்

ஸ்ரீவாணிக்கும் துளசிராமன் சாருக்கும் மெயில் அனுப்பிவிட்டேன். கழுவச் சொன்னது நான், தண்ணீரைத் தள்ளியது நான், வரதன் மேல் தப்பில்லை, மெமோவை வாபஸ் வாங்குகிறேன். எட்வர்டிடம் அனுப்பிய பிறகுதான் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

சாயந்திரம் ஸ்ரீவாணி கூப்பிட்டாள். “ஏன் மேடம்? யாருமே கேக்கலையே?” பாவம், உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள்.

ராத்திரி ஆராதனைக்கு எட்வர்ட் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்.

ஜனவரி 9, வியாழன்

சான்று நிறுத்திவைப்பு. ஆர்டர் புழலில் இருக்கும் வேறொருவருக்குப் போய்விட்டது. துளசிராமன் சார் மரியாதையாகத்தான் சொன்னார்.

ஆட்களிடம் சொன்னேன். மூன்று பேர் மாதக் கடைசியோடு நின்றுகொள்வதாகச் சொன்னார்கள். வரதன் எல்லாரும் போகும்வரை இருந்தார். பிறகு கத்தினார். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

“எனுக்காவ கம்பெனிய தூக்கிக் குடுத்துட்டியா? நான் கேட்டனா உன்ன? புத்தி கீதா உனுக்கு?”

“இல்ல” என்றேன்.

போகும்போது, மீஞ்சூரில் பம்ப் ரிப்பேர் கடைக்காரர் ஒருவர் ஷாஃப்ட் கடைய ஆள் தேடுகிறார், பேசிப் பார்க்கிறேன் என்றார்.

ஜனவரி 29, புதன்

கம்ப்யூட்டரில் வரதன் பெயருக்கு இருந்த தடையை எடுத்துவிட்டார்களாம். இன்று உள்ளே போனார். கொண்டுபோக எங்களிடம் சரக்கு இல்லை. சரக்கு அடுக்கி அனுப்பி அங்கேயே கிடந்த எங்கள் டிரேக்களை எடுத்துவரப் போனார்.

மத்தியானம் வண்டி வந்து நின்றது. “உட்டாங்களா?” என்று வாசலுக்கே ஓடிப்போய்க் கேட்டேன்.

“உட்டாங்க அண்ணி. செக்யூரிட்டி எழுந்து சல்யூட்டு அட்சான்! இன்னா லோடுண்ணான்னு கேட்டான். காலி டிரேடா, எடுத்துக்கினு போவ வந்தேன்னேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. இருவருமாக டிரேக்களை இறக்கிச் சுவர் ஓரமாக அடுக்கினோம்.