சைக்கிள் கடைப் பலகையில் சாய்ந்த எழுத்து

இன்று காலை டூரிங் சினிமாக் கொட்டகைக்காரர்கள் மாட்டுவண்டியில் தமுக்கடித்து நோட்டீஸ் வீசிக்கொண்டு போனார்கள். மை வாடை போகாத ரோஸ் தாள். படத்தின் பெயர் தடித்த, முனை மழுங்கிய, சாய்ந்த எழுத்தில் இருந்தது. என் மாமனார் தாளை எட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எழுத்து எப்படிப் பாயுது பாத்தியளா மாப்பிளே!" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஞ்சர் ஒட்டப் போய்விட்டேன். இதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும், நீயோ இல்லை.

வெள்ளைக்காரன் போன மறுவருஷம் இந்த வாடகை சைக்கிள் கடையைப் போட்டேன். இடம் மாமனாருடையது. பலகை எழுத உன்னைத் தவிர யாரைக் கூப்பிடுவேன்? ஒன்றாகப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவர்கள் ஆயிற்றே. தகரத்தில் சுண்ணாம்பு நூலைத் தெறித்துக் கோடு போட்டாய். ஊறிய கொண்டைக்கடலை மாதிரி கொழுகொழுவென்று 'வாடகை சைக்கிள்' என்று எழுதினாய். அத்தனை எழுத்தும் முன்னால் சாய்ந்திருந்தன.

"ஏலே, எதுக்கு இவ்வளவு தடி?" என்றேன்.

"பனவடலிசத்திரம் பஸ்ஸுல போறவன் எறங்கி நின்னா படிக்கப் போறான்? ஒரே பார்வைல விழணும்லா. முனை வச்சா கண்ணு அங்கங்க முட்டும்."

"அது சரி, எதுக்குச் சாச்சிருக்க?"

"ஓடுதவன் வெறச்சுக்கிட்டா ஓடுதான்? முன்னால சாஞ்சுதான ஓடுதான்."

பலகையை மாட்டியதும் ரதவீதி முனை வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். கடையே கிளம்பப் போவது போல இருந்தது. மறுபடியும் போய்ப் பார்த்தேன். நீ ஏணியில் உட்கார்ந்து சிரித்தாய். அன்றைக்கு இருந்த சந்தோஷம் எனக்குப் பிறகு வாய்க்கவே இல்லை.

சாயங்காலம் மாமனார் வந்தார். "எழுத்தே குடை சாயுதே, கடை எங்கன நிக்கும்? நிமித்தி எழுதச் சொல்லுங்க."

கல்யாணமாகி ஆறே மாதம். நான் வாயைத் திறக்கவில்லை. நீயும் வாதாடவில்லை. மறுநாள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, போலீஸ்காரர்கள் வரிசையில் நிற்பது மாதிரி விறைப்பாக எழுதித் தந்தாய். மண்ணெண்ணெயில் கையைக் கழுவிக்கொண்டே கேட்டாய்: "உண்மையச் சொல்லுலே, ஒனக்கு எது பிடிச்சுது?"

மாமனார் பக்கத்தில் நின்றார். "இதுதான்" என்றேன்.

தலையை ஆட்டினாய். அதன் பிறகும் கடைக்கு வந்தாய், அரட்டையடித்தாய். எழுத்தைப் பற்றி மட்டும் பேச்செடுக்கவில்லை. அடுத்த ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன்னாலேயே காய்ச்சல் கண்டு நாலே நாளில் போய்விட்டாய்.

நீ கடைசியாக எழுதியது கடையநல்லூரில் ஒரு ஜவுளிக்கடைப் பலகை என்று சொன்னார்கள். காரியம் முடிந்த மறுநாள் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். அதிலும் நேரான எழுத்துதான். வீதியென்றும் பாராமல் அழுதேன்.

அன்றைக்கு உனக்குக் கொடுக்காத பதிலை இத்தனை வருஷமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். சாஞ்ச எழுத்துதாம்லே எனக்குப் பிடிச்சுது.