அரிசியின் எடை

இன்று காலை தராசுத் தட்டைத் துடைக்கும்போது அதன் விளிம்பில் ஒரு கறுப்புப் பொட்டு ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். ஏதோ ஒரு குழந்தையின் கன்னத்து மை. போன மாதத்ததாக இருக்கும். நீ போனதிலிருந்து யாரும் பிள்ளையைத் தூக்கி வரவில்லை. இதைக் கேட்டால் உனக்குச் சந்தோஷமாக இருக்குமோ என்னவோ, எனக்கு எரிச்சலாக இருந்தது.

உன்மேல் எனக்கு எப்போதும் பொறாமைதான். நீ பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணியின் மகள். இங்கிலீஷ் பள்ளிக்கூடம், வெள்ளை உடுப்பு, ரிப்பன். நான் தம்பிகளைப் பார்த்துக்கொள்ள நாலாம் வகுப்போடு நின்றவள். உங்கள் வீட்டுக்குத் துணி துவைக்க வரும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் வருகிறவள். "உன்ர வாய்க்குள்ள என்னடி வச்சிருக்கிறாய், கொழுக்கட்டையோ?" என்று கேலி செய்வாய்.

நாங்கள் இருக்கும் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகளை வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்க்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் ஐயா உன் அப்பாவிடம் சொன்னார். "புள்ள மெலியறது தாய் கண்ணுக்குத் தெரியறதுக்கு முந்தி தராசுக்குத் தெரிஞ்சிரும். அப்பவே பாத்தா காப்பாத்திரலாம்." நீ உடனே கிளம்பிவிட்டாய். மளிகைக்காரரிடம் தராசு கேட்டாய், சங்கத்தாரிடம் கொட்டகை கேட்டாய். எல்லாம் கிடைத்தது. உன்னைப்போல் நிமிர்ந்து நின்று கேட்டால் யார்தான் இல்லையென்பார்கள்?

ஆனால் முதல் ஞாயிற்றுக்கிழமையே கெடுத்தாய். "கமலமக்கான்ர பிள்ளை பதினொரு கட்டி நிறை!" என்று கொட்டகை அதிரக் கத்தினாய். கமலம் அக்கா தட்டிலிருந்த பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஏம்மா, இதென்ன பாசார்ல விக்கிற மீனா? ஊருக்கே கேக்கக் கத்துறே! கண்ணு பட்டா உங்கப்பாவா வந்து சுத்திப் போடுவாரு?"

மற்றவர்களும் முந்தானையால் பிள்ளைகளை மூடிக்கொண்டு போய்விட்டார்கள். நீ அழுகிற முகத்தோடு நின்றாய். எனக்குக் கொஞ்ச நேரம் இனித்தது. அப்புறம்தான் உன் காதருகே வந்து சொன்னேன்: "எதிர்த் தட்டுல அரிசி போட்டுப் புள்ளைய நிறு. புள்ளைய இறக்கிட்டு அரிசிய மட்டும் படிக்கல்லு வெச்சு நிறு. அரிசி எடையச் சொல்லு. அரிசிக்குக் கண்ணு படாது." உலை வைக்கும்போது வீட்டுக்கு ஒரு பிடி எடுத்துவைத்தால் அரிசியும் சேரும், பிறகு அதையே கடையில் கொடுத்து, மெலிந்த பிள்ளைகளுக்குப் பால் டின் வாங்கலாம் என்றும் சொன்னேன்.

பாலுக்கு வழி என்ன என்று சங்கத்துக் கூட்டத்தில் கேட்டார்கள். நீ எழுந்து என் வார்த்தைகளை உன் தமிழில் சொன்னாய். "யாரு மூளை இது!" என்று தலைவர் தொடையைத் தட்டினார். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். "சொல்லட்டோ?" என்று உன் உதடு அசைந்தது. நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். நீயும் விட்டுவிட்டாய். இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். அதை இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு தாய்மார் நிறைய வந்தார்கள், உன் குரலைக் கேட்டு. பின்பு காய்ச்சல் வந்து ஐந்தே நாளில் உன்னைக் கொண்டுபோனது. லயமே அழுதது. கமலம் அக்கா மாரில் அடித்துக்கொண்டாள். நான் செத்தால் இத்தனை பேர் வருவார்களா என்று அந்தக் கூட்டத்தில் நின்று நினைத்தேன். இதை உன்னிடம் அல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நேற்றுக் குழாயடியில் கமலம் அக்காவின் பிள்ளையைப் பார்த்தேன். தோளில் துவண்டு கிடந்தது. கை மெலிந்துவிட்டது. "பல்லு முளைக்குது, அதான்" என்றாள்.

இன்று டிரசர் ஐயா உன் பெயர் எழுதிய பலகை ஒன்றைக் கொண்டுவந்தார். "இன்னிக்கும் யாரும் வரலேன்னா தராசைத் திருப்பிக் குடுத்துரலாம். இதையாவது மாட்டி வைப்போம். அந்தப் பொண்ணோட யோசனைன்னு நாலு பேருக்குத் தெரியட்டும். பிடி, புள்ள."

பலகையைப் பிடித்தேன். அவர் சுத்தியலை ஓங்கினார்.

"அரிசி யோசனை என்னுதுங்க ஐயா."

அவர் சுத்தியலை இறக்கினார். "என்ன சொன்னே?"

"நான்தான் அவகிட்டச் சொன்னேன். அவ எல்லார்கிட்டயும் சொன்னா."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சுத்தியலைப் பைக்குள் போட்டார். "சரி லா. யோசனை உன்னுதுன்னா புள்ளைங்களும் உன் பொறுப்புதானே? நீயே போய்க் கூட்டிட்டு வா."

உன் குரல் என்னிடம் இல்லை. அது காதுக்குள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது, கேட்கும்போதெல்லாம் பொறாமையும் வருகிறது. பலகையைச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். தூறலில் நனைந்துகொண்டே முதல் லயத்துக்குப் போய்க் கமலம் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"யாரது?" என்று உள்ளிருந்து கேட்டாள்.

என் பெயரைச் சொன்னேன்.