நீந்தியது நான்

மண்ணுக்குள் போன பிறகும் என்னை விடாத என் மாப்ளே செல்வராசு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வராது என்று எனக்குத் தெரியும். ஆலங்குடியில் நாலு பேராவது படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உன் சாவுக்கு அந்தப் பொடியன் முருகேசன் காரணம் இல்லை. வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத் திட்டுகிறவர்கள் திட்டட்டும். என்னைத் திட்டட்டும்.

நாலாம் பாரத்தில், ஒன்பதாம் வகுப்பில், குளத்தூர்ப் பக்கம் சாரணர் முகாம் போனோமே, அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது. கண்மாய்க் கரையில் கூடாரம். சாம்பாரில் பாதி மணல். இரண்டே தீக்குச்சியில் அடுப்பு மூட்ட வேண்டும் என்றார்கள். நான் நாலு பேரிடம் கடன் வாங்கி ஏழு குச்சி கிழித்தேன், புகைகூட வரவில்லை. நீ ஒரே குச்சியில் மூட்டிவிட்டு இன்னொன்றை என் சட்டைப் பையில் போட்டாய். கயிற்று முடிச்சு, கொடிச் சைகை, தடம் பார்த்துப் போவது, காயத்துக்குக் கட்டுப் போடுவது, எல்லாவற்றிலும் நீதான் முதல். மிச்சம் நீச்சல் ஒன்று. நீச்சல் பேட்ஜ் இல்லாமல் முதல் வகுப்புச் சாரணனாக முடியாது.

உனக்குத் தண்ணீரில் கண்டம் என்று பிறந்தபோதே ஜாதகத்தில் எழுதி வைத்துவிட்டார்கள். பதினாறு வயது தாண்டுகிற வரை ஊருணிப் பக்கமே விடக்கூடாது என்று உன் ஆத்தா உன்னை வீட்டுக் கொல்லையிலேயே குளிப்பாட்டியது. பையன்கள் சும்மா இருப்பார்களா?

"ஏய், கொடத்துல குளிக்கிற புள்ள வருதுடா! தள்ளிக்கங்கடா, ஈரம் பட்டுரும்!"

நீ சிரித்துக்கொண்டேதான் போவாய். ஆனால் அன்றைக்குக் கண்மாய்க் கரையில் உன் முகம் சின்னதாகிப் போனதை நான் பார்த்தேன்.

யோசனை என்னுடையது. உன்னுடையது இல்லை. இதையும் எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும். நீச்சல் பரீட்சைக்கு வெளியூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அவருக்கு நம் பேர் மட்டும்தான் தெரியும், முகம் தெரியாது. நம் ஸ்கவுட் மாஸ்டர் சமையல் பரீட்சைப் பக்கம் இருந்தார். நான் மணமேல்குடிக்காரன், நடக்கப் பழகும்போதே கடலில் கிடந்தவன். படிப்புக்காகப் பெரியம்மா வீட்டில், ஆலங்குடியில் இருந்தேன். அவர் "செல்வராசு" என்று கூப்பிட்டார். நான் குதித்தேன். மடை வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்.

"கடக்கரைப் புள்ள மாதிரி நீந்துறியேப்பா. எந்த ஊரு?"

"ஆலங்குடி சார்."

"ஆலங்குடியில ஏதுடா கடலு?"

கரையில் நின்ற நீ வாயைப் பொத்திக்கொண்டாய். அப்புறம் என் பேரைக் கூப்பிட்டார்கள். காதருக்கு வயிற்றுவலி என்று நீ சொல்லிவிட்டாய். எனக்கு நீச்சல் பேட்ஜ் இல்லாமல் போனது. உனக்கு வந்தது. உலகத்தையே ஏமாற்றிவிட்ட மாதிரி கூடாரத்துக்குப் பின்னால் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"மச்சான், நெசமாவே கத்துக்கணும்டா" என்றாய்.

"லீவுல மணமேல்குடி வா. ஒரே வாரத்துல மீனாக்கி அனுப்புறேன்" என்றேன்.

அந்த லீவு வந்து போனது, நான் உன்னைக் கூப்பிடவே இல்லை. அஞ்சாம் பாரம் தொடங்கிய கொஞ்ச நாளில் வாத்தியாரோடு சண்டை போட்டுப் பள்ளிக்கூடத்தை விட்டேன். சைக்கிள் கடை, தென்னந்தோப்பு, கருவாட்டு லாரி என்று சுற்றினேன். ஊருக்கு வரும்போதெல்லாம் "அடுத்த தடவை, அடுத்த தடவை" என்றேன். நீயும் வற்புறுத்தவில்லை. ஏன்டா வற்புறுத்தவில்லை?

உன் ஆத்தாவைப் பற்றி யோசித்தோமா நாம்? உன்னை மாப்ளே என்று கூப்பிடுகிறவனுக்கு உன் ஆத்தா அத்தை முறை. அத்தை அந்தத் துணி பேட்ஜை உன் காக்கிச் சட்டையில் தானே உட்கார்ந்து தைத்தது. கோயிலில் தேங்காய் உடைத்தது. எனக்கும் ஒரு மூடி கொடுத்தது.

"காதரு, நீதானப்பா கத்துக் குடுத்த? நல்லா இருப்ப. நீஞ்சத் தெரிஞ்சுருச்சுல்ல, இனிமே எம்புள்ளைக்குக் கண்டம் கழிஞ்ச மாதிரிதான்."

நாம் இரண்டு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம்.

இரண்டாவது முகாம் நடந்தபோது நான் லாரியில் இருந்தேன். நடந்ததை அப்புறம் முருகேசன்தான் சொன்னான். பையன்கள் குளிக்க இறங்கும்போது நீச்சல் பேட்ஜ் உள்ளவன் ஆழத்துப் பக்கம் காவல் நிற்க வேண்டும், அது முகாம் சட்டம். மாஸ்டர் உன் சட்டையைப் பார்த்து உன்னை நிறுத்தினார். அவர் மேல் என்ன தப்பு? முருகேசன் மூன்றாம் பாரம், முதல் முகாம். கால் வழுக்கி ஆழத்துக்குள் போனான். எல்லோரும் உன்னைப் பார்த்துக் கத்தினார்கள். நீ குதித்தாய். அவனைக் கரைப்பக்கம் தள்ளிவிட்டாய். மாஸ்டர் அவனைப் பிடித்துத் தூக்கித் திரும்பிப் பார்த்தபோது உன்னைக் காணோம்.

எனக்கு நீச்சல் தெரியாது என்று அப்போது ஒரு வார்த்தை கத்தியிருக்கலாமேடா. அந்த நேரத்தில் எதை நினைத்தாய்? முருகேசனையா, பேட்ஜையா, என்னையா?

நீ போன பிறகு அத்தைக்கு ஒரே கேள்விதான். "நீஞ்சத் தெரிஞ்ச புள்ள எப்படிச் சாவான்?" கேட்கிறவர்களுக்குப் பதில் தெரியவில்லை. பதில் இல்லாத இடத்தில் அத்தையே ஒரு பதிலைப் போட்டுக்கொண்டது. அந்தப் பயல் கழுத்தைக் கட்டி அமுக்கிவிட்டான். அவ்வளவுதான், தினமும் காலையில் முருகேசன் வீட்டு வாசலுக்குப் போய் மண்ணை வாரித் தூற்றத் தொடங்கியது.

"எம்புள்ளையத் தின்னுட்டு உள்ள உக்காந்திருக்கியாடா! வெளிய வாடா!"

அவன் அம்மா வந்து வாசலைப் பெருக்கிவிட்டுப் போகும். தெருவே உன் ஆத்தா பக்கம்தான். முருகேசன் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டான். நான் ஊர் வந்த அன்றைக்குப் பஸ் நிறுத்தத்தில் என்னைப் பிடித்துக்கொண்டான். ஆள் பாதியாகிவிட்டான்.

"அண்ணே, ஒங்க கூட்டாளிதானே அவுக. நான் கழுத்தைப் புடிக்கலண்ணே. கையத்தாண்ணே புடிச்சேன். அதுவும் அவுகதான் நீட்டுனாக."

"தெரியும்டா" என்றேன்.

"ஒங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

வெடுக்கென்று எதையும் பேசிவிடுகிற நான், ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டு சுற்றினேன். சொன்னால் அத்தை என்னை அடிக்கும், ஊர் துப்பும், அதற்குப் பயந்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் மதியம் போனேன். அத்தை விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தது.

"இங்கிட்டு வந்து உக்காருப்பா. என்ன, லாரிக்குப் போகலையா?"

"அத்தே, அவனுக்கு நீச்சல் தெரியாது."

"யாருக்கு?"

"நம்ம செல்வராசுக்கு."

கை நிற்கவில்லை. கடலை உடைந்துகொண்டே இருந்தது. "நீதானே கத்துக் குடுத்த?"

"இல்லத்தே. பரீட்சையில அவன் பேரைச் சொல்லி நான்தான் நீஞ்சுனேன். அவன் கரையிலதான் நின்னான். கத்துத் தாரேன்னு சொன்னேன், தரல. முருகேசன் ஒண்ணும் பண்ணலத்தே."

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தது. அடிக்கும் என்று காத்திருந்தேன். ஆண்டவன் அறிய, அடிக்காதா என்றுதான் காத்திருந்தேன்.

"அப்ப... கண்டம் கழியலையா?"

கையிலிருந்த கடலையை அத்தை முறத்தில் போட்டது.

"கழியாமலா நான் அனுப்பிச்சேன்? ரெண்டாங் கேம்புக்குப் போகட்டுமான்னு கேட்டான்ப்பா. மொத தடவை தண்ணிப் பக்கம் போகாதடான்னு ஆயிரம் தடவை சொல்லித்தான் அனுப்பிச்சேன். இந்தத் தடவை பேட்ஜுதான் இருக்கே, போயிட்டு வாடான்னு நாந்தானே சோறு கட்டிக் குடுத்தேன்."

கடலையை முறத்தோடு எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

அன்றிலிருந்து அத்தை முருகேசன் வீட்டுப் பக்கம் போவதில்லை. தெரு இன்னும் முணுமுணுக்கிறது, ஆனால் அவன் இந்த வாரம் பள்ளிக்கூடம் போனான், புத்தகத்தை நெஞ்சோடு கட்டிக்கொண்டு. நல்ல சேதி அவ்வளவுதான் மாப்ளே. அந்த வீட்டுக் கல்லைத் தூக்கி உன் வீட்டில் போட்டுவிட்டேன். சொல்லாமல் இருந்தால் ஒரு பையன் சாவான். சொன்னதால் உன் ஆத்தா செத்துக்கொண்டிருக்கிறது. நான் எதைச் செய்திருக்க வேண்டும்? உனக்குத் தெரிந்தால் சொல்லேன்.

உன் அப்பாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். மாமா என் கண்ணைப் பார்க்காமலே பேசினார்.

"அவ திட்டுறதை நிறுத்திட்டாப்பா. அதான் எனக்குப் பயமா இருக்கு."

லாரிக்குப் போவதை விட்டுவிட்டேன். தினமும் சாயங்காலம் உன் வீட்டுக்குப் போகிறேன். அத்தை "வா" என்கிறது. "சாப்புட்டியா?" என்கிறது. வேறு ஒரு வார்த்தை இல்லை. அந்த "சாப்புட்டியா"வைத் தாங்க முடியவில்லைடா. நேற்று நானே கேட்டுவிட்டேன், "அத்தே, என்னை ஒரு அறை அறையுங்களேன்" என்று. காதில் விழாத மாதிரி கொடியில் கிடந்த துணியை மடித்துக்கொண்டிருந்தது.

நாளைக்கும் போவேன். அதற்கு அடுத்த நாளும் போவேன். பாவி, எம்புள்ளையைக் கொன்ற பாவி என்று அத்தை ஒரு தடவையாவது என்னைப் பார்த்துக் கத்துகிற வரைக்கும் போவேன். கத்தாவிட்டால், அந்த வாசலிலேயே கிழவனாவேன். இது சத்தியம் மாப்ளே.

உன் ஆத்தா வாயால் இன்னும் ஒரு திட்டுக்கூட வாங்காத,
உன் மச்சான் காதர்