சனியைப் படமெடுக்க நீ வாங்கிய ரிங்

இன்று காலை உன் மனைவி செல்வி என் ஸ்டுடியோவுக்கு வந்திருந்தாள். உன் தலைத்திவசத்துக்குப் படம் பெரிதாக்க வேண்டுமாம். ரேஷன் கார்டுக்கு எடுத்த சின்னப் படம் ஒன்றை மடித்துக் கொண்டுவந்திருந்தாள். ஊரில் பாதிப் பேரை உட்காரவைத்துப் படமெடுத்த நான், உன்னை உருப்படியாக ஒரு படம் எடுத்து வைக்கவில்லை. தூசி துடைக்கத் துணி தேடி டிராயரை இழுத்தேன். துணியோடு சேர்ந்து அந்த ரிங்கும் வந்து மேசையில் விழுந்தது.

கறுப்பு அலுமினிய ரிங். ஒரு பக்கம் என் கேமராவில் லென்ஸ் மாட்டும் இடத்தில் மாட்டும். மறுபக்கம் மரை. அதில் ஒரு குழாயைத் திருகி, நாம் கண்வைத்துப் பார்க்கும் துளையில் செருகிவிட்டால் உன் தொலைநோக்கியே என் கேமராவுக்கு லென்ஸ். இந்தச் சின்னச் சாமானுக்காக நீயும் நானும் பட்ட பாடு இருக்கிறதே!

கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நாளெல்லாம் நிலக்கரி லாரிகளை எடை போட்டுவிட்டு, மூக்கோரம் கறுப்போடு நேராக மொட்டைமாடிக்கு வருவாய். முதலில் கேமராவைக் கையால் பிடித்துப் பார்த்தோம். ஆடியது. பிவிசி குழாயை அறுத்து, சைக்கிள் ட்யூபைச் சுற்றி இறுக்கினோம். கனம் தாங்காமல் கேமரா தலைகுப்புறத் தொங்கியது. அன்று எடுத்த நிலாவைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, இட்லியைப் படம் எடுத்தீங்களா?" என்றாள் செல்வி. உனக்குக் கோபம் வரவில்லை. நிலா உனக்கு வெள்ளோட்டம்தான். நீ குறிவைத்தது சனியை.

ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். சுரக்குடியில் பயிர் செய்த உன் அப்பாவைப் பற்றிச் சொன்னாய். தண்ணீர் வராவிட்டாலும் சனி, வெள்ளம் வந்தாலும் சனி என்றிருந்த மனுஷன். "ஆயுசு பூரா அவரைப் பாத்துப் பயந்தே செத்தாருடா எங்கப்பா. அவரு எவ்வளவு அழகுன்னு நான் கண்ணால பாத்துட்டேன். ஒரு படம் எடுத்து நாலு பேருக்காவது காட்டணும்."

கோயிலில் அவருக்கு நேரே நிற்கக்கூடாது, ஓரமாக நின்று கும்பிட வேண்டும் என்று நான் இழுத்தபோது, நூறு கோடி கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பதைவிட ஓரம் வேண்டுமா என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். மனதுக்குள் சிரிக்கவில்லை. எனக்கு அப்போது ஏழரை நடந்துகொண்டிருந்தது. கல்யாண மண்டபத்தில் ஒரு கேமரா விழுந்து வீணாகியிருந்தது. மகளுக்கு வந்த வரன் கடைசி நேரத்தில் கைநழுவியிருந்தது. மிச்சமிருந்தது ஒரே ஒரு கேமரா.

நீ பணம் கட்டி வரவழைக்கும் ரிங் வரப்போகிறது என்று வீட்டில் சொன்னதும் என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "திருநள்ளாத்துல குளிச்சா கட்டுன துணியக்கூட அங்கயே விட்டுட்டு வர்றோம். நீங்க அவரையே புடிச்சு வீட்டுக்குக் கொண்டாரப் போறீங்களா?" என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது.

மறுநாள் நீ ரிங்கோடு வந்தாய். கேமராவையும் அதையும் எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனேன். மாட்டிக்கூடப் பார்க்கவில்லை. ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு வெளியே வந்து, "இது வேற கம்பெனி கேமராவுக்கு உள்ளதுடா, உக்கார மாட்டேங்குது" என்றேன். ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாய். "அப்படியா? சரி, மாத்திக் கேளு" என்று என்னிடமே கொடுத்துவிட்டுப் போனாய். நான் டிராயரில் போட்டு மூடினேன்.

அதன்பின் சனிக்கிழமை தவறாமல் வந்தாய். "ரிங் வந்துச்சாடா?" வரவில்லை என்பேன். டீ குடிப்போம். சனியின் வளையம் மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வருகிறது, இந்த வருஷம் விட்டால் கோடாகிப்போகும், மறுபடி நன்றாக விரிய வருஷக்கணக்காகும் என்று சொல்லிவிட்டுப் போவாய். பிறகு உன் சிறுநீரகம் கெட்டது. ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு, கையில் பஞ்சு ஒட்டியபடியே வந்தாய். கால் வீங்கி, படியேற முடியாமல் வாசலில் வண்டியை நிறுத்தி அங்கிருந்தே கேட்டாய். அப்போதும் அதே பொய்யைத்தான் சொன்னேன். கடைசி ஒரு மாதம் நீ வரவில்லை. நானும் உன் வீட்டுப் பக்கம் சரியாக வரவில்லை. வந்தால் கேட்பாயே என்றுதான்.

செல்வி ரிங்கைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பழைய பொய்யை அவளிடமும் சொல்ல வாயெடுத்தேன்.

"தெரியும்ண்ணே" என்றாள். "அன்னைக்கு நீங்க உள்ள யாருக்கோ பிரிண்ட் போட்டுக்கிட்டு இருந்தீங்களாம். மேசையில கெடந்த கேமராவுல அவரே மாட்டிப் பாத்துட்டாராம். கச்சிதமா உக்காந்துச்சாம். கழட்டி வச்சுட்டுத்தான் உங்ககிட்ட குடுத்தாராம்."

தூசி துடைக்க எடுத்த துணியை மடிக்கத் தொடங்கினேன்.

"அப்புறம் ஏன் வாராவாரம் போயி கேக்குறீங்கன்னு நானே சண்டை போட்டேன். அவனா சொல்லட்டும்னுதான் போறேன், நானா கேட்டா கூசிப்போயிடுவான்னாரு." கோபமில்லாமல்தான் சொன்னாள். சட்டம் தேக்கு நிறத்தில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அவள் போனபின் ரிங்கைக் கேமராவில் வைத்துத் திருப்பினேன். ஒரே திருப்பு, டக்கென்று உட்கார்ந்தது. இனி உட்கார்ந்து என்ன? உன் தொலைநோக்கியின் கண்ணாடி உப்புக்காற்றில் பூத்துப்போய்விட்டதாம். வானத்திலும் வளையம் கோடாகிவிட்டது. அது மறுபடி நன்றாக விரியும்போது நான் இருப்பேனோ என்னவோ. இருந்தாலும் யாரோடு மாடி ஏறுவேன்?

செல்வி கொடுத்த படத்தில் உன் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கிக்கொண்டிருக்கிறேன். கண்ணருகே வரும்போதெல்லாம் நிறுத்திவிடுகிறேன். தொழிலில் இத்தனை வருஷத்தில் எந்த முகத்துக்கும் நான் இப்படி ஒதுங்கியதில்லை.

எனக்குப் பயமாக இருந்ததுடா. இந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் வீங்கிய காலோடு வந்து வந்து போயிருக்கிறாய். இப்போது சொல்லிவிட்டேன். கேட்பதற்கு நீ இல்லை.