மலையில் கற்ற கையெழுத்து

அணைக்கட்டு முகாம்
4 மார்ச் 1952

அன்புள்ள அப்பா,

நலம். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. ஜூன் எட்டு, ஞாயிறு, எனக்கும் ரிஸ்தானாவுக்கும் கல்யாணம். சாட்சியாக நிற்க வேண்டியவர் என் ஞானத்தகப்பன் ஸ்பாஸே மாமா. தலைமுறை தலைமுறையாக அவர்கள் வீட்டு ஆள்தான் நம் வீட்டுக் கல்யாணத்தில் நிற்பது. ஆளை மாற்றும் வழக்கமே கிடையாது.

அவரோ மூன்று வருடமாகத் தீவுச் சிறையில் கல் உடைக்கிறார். மாஸ்கோவோடு நம் கட்சி முறித்துக்கொண்ட நேரத்தில், "மாஸ்கோ எழுதுனத முதல்ல படிப்போம், அப்புறம் திட்டுவோம்" என்று கட்சிக் கூட்டத்தில் சொன்ன குற்றம். அவர் மனைவி இங்கே அணைக்கட்டு முகாமுக்கே வந்துவிட்டாள். "ரத்தமா துப்புறாராம்டா. உங்கப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லேன்."

நீங்கள் குடியரசின் தலைமை அமைச்சர். ஒரு தாள், ஒரு கையெழுத்து. போடுங்கள்.

உங்கள் மகன்,
நாவும்

ஸ்கோப்ஜே
19 மார்ச் 1952

நாவும் ராசா,

உன் அவசரம் பிறவிக் குணம். பன்னிரண்டு வயதில் பிரிலெப்பில் புகையிலை கோர்த்தவன் நான். வேலைநிறுத்தம், சிறை, பிறகு துப்பாக்கியோடு மலை. அந்த மலையில் எனக்குக் கரித்துண்டால் எழுதப் பழக்கிய வாத்தியார் ஸ்பாஸே. மறப்பேனா? ஆனால் அவன் கைது மேலிடத்து முடிவு. எனக்கே பிறகுதான் தெரியும். நவம்பரில் கட்சி மாநாடு. அதற்கு முன் வாய் திறந்தால் என் பதவியும் போகும், உன் வேலையும் போகும். பொறு.

சாட்சிக்கு உள்துறை அமைச்சரே வருகிறேன் என்கிறார். பெரிய மரியாதை. அம்மா கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறாள், போட்டுக்கொள்.

அன்புடன்,
அப்பா

அணைக்கட்டு முகாம்
2 ஏப்ரல் 1952

அப்பா,

பிடித்து உள்ளே போட்டவரே அவர் இடத்தில் வந்து நிற்பாராமா? வேண்டாம். அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.

கான்கிரீட் இறுக இருபத்தெட்டு நாள். அதற்கு முன் சுமை ஏற்ற மாட்டோம். நீங்கள் சொல்லும் நவம்பருக்கு ஏழு மாதம் இருக்கிறது. ரத்தம் துப்புகிற மனிதர் அதுவரை தாங்குவார் என்று யார் கணக்குப் போட்டது?

காலுறை வந்தது. அம்மாவிடம் சொல்லுங்கள்.

உங்கள் மகன்,
நாவும்

அணைக்கட்டு முகாம்
10 ஜூன் 1952

அப்பா,

கல்யாணம் முடிந்தது. நீங்கள் வரவில்லை. உங்கள் கார் வந்தது, பரிசு ரேடியோவோடு.

ஸ்பாஸே மாமா வந்தார். மே கடைசியில் விட்டிருக்கிறார்கள். நீங்கள் கேட்டு அல்ல. இனி இவர் கல் தூக்க மாட்டார் என்று டாக்டர் எழுதியதால். பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போனார். வலது கையில் நாலு விரல் மடங்கவில்லை. பேனா இரண்டு தடவை விழுந்தது.

"எழுதத் தெரியாதா பெரியவரே?" என்றான் குமாஸ்தா.

"தெரிஞ்சிருந்துச்சு தம்பி."

மையில் பெருவிரலைத் தோய்த்து வைத்தார்.

தீவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் திரும்பவும் அங்கேதான். புறப்படும்போது நான்தான் கேட்டேன்: "அப்பா மேல கோபமா மாமா?"

"கோபமென்னடா? கைது பண்ண அன்னிக்கு ஒரு தாளக் காட்டுனாங்க. அடியில உங்கப்பன் கையெழுத்து. கடைசி எழுத்தோட வால மட்டும், மலையில எத்தன தடவ சொல்லிக் குடுத்தும் தப்பாவே போடுவான். அந்தத் தாள்ல நிதானமா, சரியா போட்டிருந்தான்."

ரேடியோ உங்கள் காரிலேயே திரும்பி வருகிறது.

நாவும்