அறுபது நாள்

உலு திராம்
28.3.2025

அன்புள்ள அமலநாதன் அண்ணனுக்கு,

இங்கே நானும் உங்கள் ஞானமகள் ஃபெலிசியாவும் சுகம். அண்ணியின் முட்டி வலி குறைந்ததா? சூசன் அக்கா தன் வீட்டில் எங்களுக்கு ஓர் அறை ஒதுக்கியிருக்கிறாள். காலை ஐந்து மணிக்கு விழித்து, இனி ஃபேக்டரி பஸ் இல்லை என்று நினைவு வந்து மறுபடி படுக்கிறேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம் சும்மா விடுமா?

போனில் பேசினால் கம்பெனிக்குத் தெரிந்துவிடும் என்றீர்கள். சரி, எழுதுகிறேன். மார்ச் மூன்றாம் தேதி உங்கள் எச்.ஆர். ஆபீஸில் நான் கையெழுத்துப் போட்டது ராஜினாமாக் கடிதமாம். மெஷின் விசாரணைக்கான தாள் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து நகலைப் படித்தபோதுதான் தெரிந்தது. எனக்கு மலாய் வாசிக்கத் தெரியாதா? தெரியும். நீங்கள் பேனாவை நீட்டி, "போடும்மா, நான் இருக்கேன்ல" என்றீர்கள். ஞானஸ்நானத்தில் என் மகளைக் கையில் ஏந்திய மனுஷன் நீங்கள். உங்கள் முன்னால் தாளை எடுத்துப் படித்தால் உங்களையே சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடுமே என்று கூச்சப்பட்டேன். அந்தக் கூச்சத்தில் வேலை போய்விட்டது.

பிரஸ் மெஷினின் பாதுகாப்புத் தடுப்பு உடைந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தது அவ்வளவு பெரிய குற்றமா? எனக்கு என் வேலை திரும்ப வேண்டும். வழி சொல்லுங்கள்.

தங்கை
டோரிஸ்


ஆயர் ஈத்தாம்
4.4.2025

அன்புத் தங்கை டோரிஸுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. உன்னிடம் மறைக்க மாட்டேன். மேனேஜர் சொல்லி, நீ அறைக்குள் வருவதற்கு முன்பே அந்த ராஜினாமாவை டைப் அடித்து வைத்தது நான்தான். நீ கேட்டு எழுதியதில்லை அது. என் வார்த்தைக்காகப் போட்டாய்.

ஆனாலும் கேஸ் கீஸ் என்று இறங்காதே. புகார் கொடுத்தவள் என்று பேர் வந்துவிட்டால் வேறு எந்த ஃபேக்டரியிலும் எடுக்க மாட்டார்கள். ஈஸ்டர் கழியட்டும். மேனேஜர் கோபம் தணிந்ததும் பக்குவமாகப் பேசுகிறேன். அதுவரை என் நண்பர் மணியத்தின் கேன்டீனில் நில்லு, சொல்லி வைத்திருக்கிறேன். நான் ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம்தான் இருக்கிறது. அதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்.

உன் நலம் நாடும்
அமலநாதன் அண்ணன்


உலு திராம்
29.4.2025

அண்ணனுக்கு,

ஈஸ்டர் கழிந்து ஒன்பது நாளாயிற்று. உங்கள் மேனேஜருக்கு இன்னும் கோபம் தணியவில்லையா?

"அலமாக், இன்னும் அவர நம்பிக்கிட்டா இருக்க?" என்று சூசன் அக்கா என்னை ஜேபி டவுனுக்கு இழுத்துக்கொண்டு போனாள். முதலில் தொழிலாளர் இலாகா. சம்பளப் பிரச்சனைக்குத்தான் இங்கே, வேலை திரும்ப வேண்டுமென்றால் தொழில் உறவு இலாகாவுக்குப் போங்கள் என்றார்கள். அங்கே இருந்த தமிழ்ப் பெண் தேதியைப் பார்த்துவிட்டு, "வேலை போன நாளிலிருந்து அறுபது நாளுக்குள்ள மனு கொடுக்கணும்க்கா. இன்னும் மூணு நாள்தான் இருக்கு. இவ்வளவு நாள் என்ன செஞ்சீங்க?" என்றாள். என் அண்ணன் பேசுவதாகச் சொன்னார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எச்.ஆரில் முப்பது வருடம் இருக்கிறீர்கள். இந்த அறுபது நாள் கணக்கு உங்களுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் ஈஸ்டர் வரை என்னைக் காத்திருக்கச் சொன்னீர்களா? வயிறு எரிகிறது, அண்ணே.

மனு கொடுத்துவிட்டேன்.

டோரிஸ்


ஆயர் ஈத்தாம்
17.5.2025

டோரிஸ்,

தெரியும். அறுபது நாள் எனக்குத் தெரியும்.

இலாகா கூப்பிட்டிருக்கும் மே 28 சமரசப் பேச்சுக்குக் கம்பெனி சார்பில் மேனேஜரோடு என்னையும் அனுப்புகிறார்கள். நீயே விரும்பி விலகினாய் என்று நான் சொல்ல வேண்டுமாம். உன் எதிரில் என்னை உட்கார வைக்காதே. மனுவைத் திரும்ப வாங்கிக்கொள், தாயே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அமலநாதன் அண்ணன்


உலு திராம்
21.5.2025

அண்ணனுக்கு,

மனுவைத் திரும்ப வாங்க மாட்டேன்.

ராஜினாமாவை நீங்களே டைப் அடித்ததாக எழுதிய ஏப்ரல் கடிதம் என்னிடம் இருக்கிறது. அன்றைக்கு நீங்களே நடந்ததைச் சொன்னால் அது என் பையை விட்டு வெளியே வராது. நான் விரும்பிப் போனதாகச் சொன்னால் மேசைமேல் வைப்பேன். உங்கள் பதினான்கு மாதம் என்னாகும் என்று எனக்கும் தெரியும். இதை அழுதுகொண்டுதான் எழுதுகிறேன். ஆனாலும் வைப்பேன்.

டோரிஸ்


ஆயர் ஈத்தாம்
25.5.2025

டோரிஸ்,

ஏப்ரல் கடிதத்தை அதிகாரியிடம் கொடுத்துவிடு. நான் என்ன சொல்கிறேன் என்று பார்த்துக் காத்திருக்காதே, உள்ளே போனதும் கொடு.

மேனேஜர் பக்கத்தில் இருக்கும்போது நானாக வாயைத் திறந்து சொல்வேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. முப்பது வருடமாக அந்த நாற்காலிக்குப் பயந்தே பழகிவிட்டேன். ஆனால் அதிகாரி என்னைப் பார்த்து, இது நீங்கள் எழுதியதா என்று கேட்டால், ஆமாம் என்பேன். அந்த ஒரு வார்த்தை என்னால் முடியும். அதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதே.

உன் அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை.

அமலநாதன்