பச்சை முகக்காரன் இதழ்

ஜூன் 2

அலமாரியில் ஓர் இதழ் குறைகிறது. பச்சை முகக்காரன் பறக்கும் தட்டிலிருந்து இறங்குகிற அட்டைப்படம் போட்டது. கால் முளைத்து நடந்தா போயிருக்கும்?

எல்லாம் பழைய விண்வெளி சினிமாக்களுக்கென்றே வந்த பத்திரிகைகள். கல்யாணமான புதிதில் நானும் அவளும் பழைய பேப்பர் கடைகளில் பொறுக்க ஆரம்பித்தது. அவள் படிப்பாள், நான் பாதுகாப்பேன். அதுதான் ஏற்பாடு. பறக்கும் தட்டுப் படம் வந்தால் அதைக் கட்டித் தொங்கவிட்ட நூலைத் தேடுவாள். "நூல் தெரியுது, இங்க பாருங்க" என்று சிரிப்பாள். டீ டம்ளரை அட்டைமேலேயே வைப்பாள். அதற்கு எத்தனை சண்டை.

இப்போது வைக்க ஆளில்லை.

ஜூன் 5

மகளுக்கு போன் செய்தேன். "அம்மா இறந்தப்ப வந்தேன்ல, அப்ப நான்தான் எடுத்துட்டுப் போனேன்" என்றாள், கூசாமல். கவர் போட்டிருக்கிறாயா என்றேன்.

"இல்லப்பா. தலைமாட்டுல கிடக்கு. படிக்கிறேன்."

வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். திருட்டு என்றுகூட. "உங்களுக்கு அம்மாவ விட அட்டைதான் முக்கியம்" என்று வைத்துவிட்டாள்.

ஜூன் 6

எனக்கா? எனக்கா அட்டை முக்கியம்?

போன வருஷம் அவள் இறந்த வாரம் முழுக்க மழை. சுவரெல்லாம் ஓதம். ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, காற்றுப் புகாமல் ஒட்டி அடுக்கினேன். ஒன்று குறைவதைக் கவனிக்கும் நிலையிலா இருந்தேன்? அவள் தொட்ட தாள் அப்படியே இருக்கட்டும் என்றுதானே செய்தேன்.

ஜூன் 11

மனசு கேட்காமல் ஒரு கவரைப் பிரித்தேன். பக்கம் புரளவில்லை. எல்லாத் தாளும் ஒன்றோடொன்று ஒட்டி, செங்கல் மாதிரி. இன்னொன்றைப் பிரித்தேன் — அதுவும். இன்னொன்று — இழுத்தால் பாதி ராக்கெட் இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம்.

ஐயோ, என்ன பண்ணிட்டேன்.

ஜூன் 13

பைண்டிங் கடைக்காரர் முகர்ந்து பார்த்தார். "வழவழப்புத் தாள் சார். ஈரத்தோட மூடிட்டீங்க, உள்ளயே கிடந்து பசையாயிடுச்சு." ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார். "சும்மா வெளிய கிடந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

ஜூன் 14

சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூன் 19

அலமாரியைத் துணி போட்டு மூடிவிட்டேன். அவள் இரண்டாவது தடவை செத்துப்போனாள். இந்தத் தடவை என் கையால். மகளிடம் சொல்ல வேண்டும் — எந்த முகத்தை வைத்துக்கொண்டு?

ஜூன் 22

சொன்னேன். எல்லாம் ஒட்டிப்போனதை, என் கையாலேயே கெடுத்ததை. முடித்ததும் பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்துவிட்டேன்.

ஜூன் 28

சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். பையிலிருந்து பச்சை முகக்காரனை எடுத்து மேசையில் வைத்தாள். முனையெல்லாம் நைந்து, முதுகு மடங்கி, பழைய டீ வட்டத்துக்குப் பக்கத்தில் புதிதாக இன்னொரு வட்டம். பக்கங்கள் சரசரவென்று புரண்டன. நடுவில் ஓரிடத்தில் விரலை வைத்து, "நூல் தெரியுதுப்பா" என்றாள்.

கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து பார்த்தேன். தெரிந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அதுமேலயே வை" என்றேன்.